ஒலித்துளையிற் பொருத்தும் காந்தம்

நரம்புக் கருவிகளை ஆராயப் புகுவோர் முதற்கண் இரண்டு உறுப்புக்களைப் பிரித்துணர்தல் வேண்டும். ஒன்று நரம்பு; மற்றையது அந்நரம்பின் அதிர்வை ஏற்றுக் காற்றுக்கு வழங்கும் பத்தர். சுவரில் இரண்டு ஆணிகளை அறைந்து, அவற்றிடையே ஓர் உருக்குக் கம்பியை இறுகக் கட்டி, விரலால் மீட்டிப் பார்ப்பின் அருகிருப்போர்க்கும் அவ்வோசை நன்கு கேளாது. அதே கம்பியை ஒரு மெல்லிய மரப்பெட்டியின்மேற் கட்டி மீட்டினால் அறை முழுதும் ஒலிக்கும். கம்பி மெலிதாதலின் காற்றை அறுத்துச் செல்லுமேயன்றித் தள்ளாது. பெட்டியின் அகன்ற பலகையோ காற்றைத் தள்ளும். யாழின் பத்தரும், வீணையின் குடமும், கிற்றாரின் வயிறும் இவ்வொரு தொழிலையே செய்கின்றன.

யாழ்நூல் இயற்றிய விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானம் கற்று விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பெருநூலிலே பழந்தமிழரின் யாழ்களையும் சுருதிகளையும் கணித முறையால் ஆராய்ந்து காட்டினார். இசையை எண்ணாலும் அளவாலும் நோக்குதல் இசைக்கு இழுக்கன்று என்பதற்கு அவர் நூலே சான்று. அந்நெறியைப் பின்பற்றி, நம் ஊர் இளைஞர் கையில் இன்று பெரிதும் காணப்படும் கிற்றார் என்னும் ஆறு நரம்புக் கருவியைப் பற்றியும், அதன் ஓசையைப் பெருக்குதற்கு அதன் ஒலித்துளையிலே பொருத்தி வேண்டாதபோது கழற்றி வைக்கக்கூடிய ‘பிக்கப்’ என்னும் சிறு கருவியைப் பற்றியும் இங்கு ஆராய்வாம்.

கிற்றார் நமக்கு அந்நியக் கருவியன்றோ என வினவுவார் உளர். வயலினும் அந்நியக் கருவியே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய பின்னர், வயலினில்லாக் கச்சேரி அரிதாயிற்று. இலங்கையின் கிழக்குக் கரையிலோ மேனாட்டு நரம்புக் கருவிகள் மிகப் பழையன. மட்டக்களப்பிலே போர்த்துக்கேய மரபினரான பறங்கியர் தம் ஆடற்பாடல்களுக்கு வயலினையும் கிற்றாரையும் இன்றும் இசைப்பர். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழிற் பொப்பிசை என்னும் துள்ளிசை தோன்றியபோது, நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பாட்டுக்களுக்குக் கிற்றாரே தாங்குகோலாயிற்று. கடல் வழியாக வந்தவற்றை ஏற்றுத் தமதாக்கிக் கொள்ளுதல் திரியாய்க்குப் புதிதன்று. அவ்வூர்க் குன்றின்மேல், பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு, கிரிகண்டி என்னும் சேதியத்தை எழுப்பிய வணிகர் கூட்டத்தாரைக் குறிப்பிடுகின்றது. கப்பலிற் பண்டம் கொணர்ந்தோர் பண்டத்தை மட்டுமா கொணர்ந்தனர்?

இனித் திரியாயிற் கிற்றார் வாசிப்போன் எதிர்ப்படும் இடர் யாது? திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில், வயலும் குன்றும் கடலும் சூழ அமைந்த ஊர் இது. 1985ஆம் ஆண்டிலே மக்கள் வீடுவாசல் இழந்து வெளியேறிப் பல ஆண்டுகளின் பின்னர் மீளக் குடியேறிய ஊர். இத்தகைய ஊர்களில் இசை நிகழ்வது குளிரூட்டிய மண்டபத்திலன்று. கோயில் வீதியிலும் பாடசாலை முற்றத்திலும் தகரக் கொட்டகையிலுமாம். திறந்த வெளியிலே சுவர்கள் ஓசையைத் திருப்பித் தரா. கடற்காற்று வேறு அதனை அள்ளிச் செல்லும். பக்கத்திலே மிருதங்கமோ தபேலாவோ ஒலிக்கும், மின்னோர்கன் ஒலிக்கும், பாடுவோர்க்கு ஒலிவாங்கி உண்டு. கிற்றார் வாசிப்போனுக்கோ விரல் நோவதன்றி வேறு பயன் இல்லை. முன்வரிசையிலிருக்கும் தாயார்கூடத் தன் மகன் வாசிப்பதைக் கண்ணாற் காண்பாரேயன்றிக் காதாற் கேளார்.

மின்கிற்றார் ஒன்றை வாங்கலாமே எனின், ஒரு கிற்றாரை வாங்குதற்கே பெற்றார் பட்ட பாட்டை நினைத்தல் வேண்டும். மேலும், மின்கிற்றார் வீட்டுத் திண்ணையில் மின்சாரமின்றி ஒலியாது. ஒரே கருவி திண்ணையிலும் மேடையிலும் உதவ வேண்டுமாயின், உள்ள மரக்கிற்றாரையே மேடைக்கு ஏற்றவாறு ஆயத்தம் செய்தல் அறிவுடைமை. அதனைத் துளையிட்டும் அறுத்தும் சிதையாது செய்தல் அதனினும் அறிவுடைமை. பாட்டனாரோ மாமனாரோ விட்டுச்சென்ற பழைய கருவியாயின் இதனை வற்புறுத்திக் கூறவும் வேண்டுமோ?

மரக்கிற்றாரின் ஓசையை மின்னாக மாற்றுதற்கு மூன்று வழிகள் வழக்கிலுள்ளன. கிற்றாரின் முன் ஓர் ஒலிவாங்கியை நிறுத்துதல் முதலாவது. மரத்தின் இயல்பான நாதத்தை உள்ளவாறு தருவது அதுவேயாயினும், வாசிப்போன் சிறிது அசைந்தாலும் ஓசை குன்றும். அயலில் ஒலிக்கும் மிருதங்கத்தையும் அது விடாது வாங்கும். ஒலிபெருக்கி ஊளையிடவும் தொடங்கும். கிற்றாரின் குதிரைக்கட்டையின் கீழ், அழுத்தத்தால் மின்னைப் பிறப்பிக்கும் பளிங்குத் துண்டினை வைத்தல் இரண்டாவது. பிரான்சிலே கியூரி சகோதரர் 1880ஆம் ஆண்டிற் கண்டறிந்த தோற்றப்பாட்டின் பயன் இது. ஓசை தெளிவாயிருக்கும், ஆயின் வன்மையாய் மீட்டும்போது வாத்துக் கத்தினாற்போலக் கரகரக்கும், பொருத்துதற்குக் கிற்றாரைத் துளைக்கவும் வேண்டும். மூன்றாவதே நாம் எடுத்துக்கொண்ட காந்தப் பிக்கப். இது நாதத்திற் சிறிது குறைந்ததேனும், திரியாய் முற்றம் போன்ற இடங்களுக்கு இதுவே பொருத்தமானது என்பது எம் துணிபு. காரணம் பின்னர் விளங்கும்.

இதன் தொழிற்பாடு பாடசாலையிற் கற்கும் பௌதிகத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கம்பிச் சுருளொன்றினூடு செல்லும் காந்தப்பாயம் மாறும்போது சுருளிலே மின்னியக்க விசை பிறக்கும் எனக் கண்டார். ஒலித்துளைப் பிக்கப்பினுள் ஒரு நிலைக்காந்தம் உண்டு. அதனைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுக்கள் சுற்றப்பட்டிருக்கும். அக்காந்தத்திற்கு மேலே செல்லும் உருக்கு நரம்புகளும் அதன் அண்மையாற் காந்தத் தன்மை பெறுகின்றன. நரம்பு அசையாதிருக்கும்போது பாயத்தில் மாற்றமில்லை; மின்னும் இல்லை. நரம்பை மீட்டினால் அது செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கின்றதோ அத்தனை முறை பாயம் கூடிக் குறையும். அத்தனை முறை மின்னும் திசைமாறி ஓடும். கிற்றாரின் ஆறாம் நரம்பு செக்கனுக்கு 82 அதிர்வும், ஐந்தாம் நரம்பு 110 அதிர்வும், முதல் நரம்பு ஏறத்தாழ 330 அதிர்வும் உடையன. எனவே சுருளிற் பிறக்கும் மின்னும் அவ்வம்மீடிறனையே உடையதாகும். அதன் வலிமை ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்களவே. அம்பிளிபயர் அதனைப் பெருக்கி ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்க, அக்கூம்பே காற்றைத் தள்ளுகின்றது. மரப்பத்தரின் தொழிலைக் கூம்பு ஏற்றது எனலாம்.

இங்கு உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. காந்தப் பிக்கப் காற்றின் ஓசையைக் கேட்பதன்று; நரம்பின் அசைவைக் காண்பது. கிற்றாரின் அருகே நின்று உரத்துப் பேசினும் அதற்குக் கேளாது. பலகையை விரலாற் தட்டினும் ஒலிபெருக்கியில் மெல்லிய ஒலியே எழும். மிருதங்கம் பக்கத்திலிருந்து எத்துணை முழங்கினும் அதனை இது வாங்காது. முன்னர் நாம் கூறிய துணிபுக்குக் காரணம் இதுவே. அதே காரணத்தாற்றான் மரத்தின் நாதம் இதனுட் குறைவாகவே புகுகின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனினும் மரம் முற்றாக மறைந்துவிடுவதில்லை. நரம்பின் அதிர்வு எத்துணை நேரம் நீடிக்கும், எந்தச் சுரம் விரைந்து தேயும் என்பவற்றை மரமே தீர்மானிக்கின்றது. பிக்கப்பும் பலகையிலே பற்றியிருத்தலால் அதனுடன் சிறிது ஆடவே செய்கின்றது.

இக்கருவியின் வரலாறும் சுவையானது. ஐக்கிய அமெரிக்காவிலே 1920களில் நடனக் குழுக்கள் பெருகிப் பித்தளை ஊதுகுழல்கள் முழங்கியபோது கிற்றாரின் ஓசை அடங்கிப் போயிற்று. ஜோர்ஜ் போஷாம் என்பவர் அடோல்ஃப் றிக்கன்பாக்கருடன் கூடி, 1931ஆம் ஆண்டளவில் அலுமினியத்தால் வார்த்த ஹவாய்க் கிற்றார் ஒன்றிற் காந்தப் பிக்கப்பைப் பொருத்தினார். வட்ட வயிறும் நீண்ட கழுத்துமாய் அது நம்மவர் தாச்சி போன்றிருந்தமையால் வறுக்கும் தாச்சி என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1937ஆம் ஆண்டில் அதற்குரிய காப்புரிமை கிடைத்தது. அதே பத்தாண்டிற்றான் ஒகையோ மாநிலத்து ஹரி டி ஆர்மண்ட் என்பார், ஏற்கெனவே உள்ள கிற்றார்களில் வெட்டாது துளையாது பொருத்தக்கூடிய பிக்கப்புக்களைச் செய்து விற்பனைக்கு விட்டார். இன்று கடைகளில் நாம் காணும் ஒலித்துளைப் பிக்கப்புக்கள் யாவும் அவற்றின் வழித்தோன்றல்களே. 1954ஆம் ஆண்டிலே கிப்சன் நிறுவனத்தார் மரக்கிற்றாரொன்றில் ஒலித்துளைக்கு அருகே பிக்கப்பை நிலையாகப் பதித்து வெளியிட்டனர். பீற்றில்ஸ் குழுவினர் 1962ஆம் ஆண்டில் வாங்கி வாசித்தது அவ்வகைக் கிற்றாரே.

தமிழ்நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. வீணையின் மென்மையான ஓசை பெருமண்டபங்களுக்குப் போதாமையால் வைணிகர் பலர் ஒட்டு ஒலிவாங்கியையும் காந்தப் பிக்கப்பையும் கையாளலாயினர். வீணையின் தனித்தன்மை இதனாற் கெடுமென்று குறைகூறியோரும் உளர். உ. ஸ்ரீநிவாஸ் மண்டலினைக் கருநாடக இசைக்கு ஏற்றபோது, மரப்பெட்டி மண்டலினின் குறுகிய ஓசையை விடுத்து மின்மண்டலினையே மேற்கொண்டார். கமகத்தின் வால் தேயாது நீடித்தல் வேண்டுமென்பது அவ்விசையின் தேவை. மின்னாற் பெருக்கும்போது நரம்பின் சிற்றசைவும் செவிக்கெட்டுகின்றது. ஆகவே பெருக்குதல் என்பது உரப்பாக்குதல் மட்டுமன்று; நுண்மையை வெளிப்படுத்தலுமாம்.

நரம்பினைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்திலேயே. காந்தம் உருக்கையே உணரும். நைலோன் நரம்பு பூட்டிய கிற்றாரில் எத்துணை விலையுயர்ந்த காந்தப் பிக்கப்பைப் பொருத்தினும் ஓசை பிறவாது. கடைக்குச் செல்லுமுன் ஒரு சிறு காந்தத்தை நரம்புகளுக்கு அருகே கொண்டுசென்று அவை ஈர்க்கப்படுகின்றனவா எனச் சோதித்தல் போதும். மரக்கிற்றாரின் தடித்த நரம்புகள் உருக்கு உள்ளீட்டின்மேல் வெண்கலக் கம்பி சுற்றப்பட்டவை. வெண்கலத்தைக் காந்தம் உணராதாகையால், உள்ளேயிருக்கும் மெல்லிய உருக்கு மட்டுமே பயன்படும். முதலாம் இரண்டாம் நரம்புகளோ முழுதும் உருக்கு. அவற்றுள்ளும் இரண்டாம் நரம்பு தடித்தது. ஆதலின் அந்த நரம்பு ஏனையவற்றை மேவி ஒலித்தலைப் பலர் கேட்டிருப்பர். வாசிப்போன் தன் கையிற் குற்றம் காண்பான். குற்றம் கையிலன்று, உலோகத்திலாம். நல்ல பிக்கப்புக்களில் இரண்டாம் நரம்பின் கீழுள்ள முனை தாழ்த்தப்பட்டிருக்கும். அல்லது திருகாணி கொண்டு முனைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். வீணையிற் பித்தளைத் தந்தி பூட்டுவோர்க்கும் இதே இடர் உண்டு. அத்தந்தி காந்தப் பிக்கப்புக்கு ஊமையே.

பொருத்தும் முறை எளிது. கிற்றாரின் ஒலித்துளை ஏறத்தாழ 10 சென்றிமீற்றர் விட்டமுடையது. பிக்கப்பின் இரு முனைகளிலும் தக்கை ஒட்டிய பற்றுக்கள் உண்டு. துளையின் விளிம்புப் பலகை அவற்றினிடையே அமையத் திருகாணியை முடுக்குதல் வேண்டும். பலகையின் தடிப்பு 3 மில்லிமீற்றரளவே ஆதலால், அசையாதிருத்தற்குப் போதிய அளவே முடுக்குக. தச்சன் முடுக்குவதுபோல் முடுக்கினால் பலகை வெடிக்கும். தக்கைக்குப் பதிலாக இறப்பர் ஒட்டியிருப்பின், பழைய கிற்றார்களின் மெருகினை நாளடைவில் அது கரைத்துத் தழும்பாக்குதல் கூடும்; மெல்லிய தோலையோ துணியையோ இடையிடுதல் நலம். நரம்புகளைத் தளர்த்திவிட்டுப் பொருத்தினாற் கை இலகுவாக உட்செல்லும். பின்னர் நரம்பைக் கடைசிக் கட்டில் அழுத்திப் பார்த்து, பிக்கப்புக்கும் நரம்புக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்கச் செய்க. மிக அணுகினால் ஓசை பெருகும் என்பது மெய்யே. ஆயின் காந்தம் நரம்பைத் தன்பால் இழுத்து அதன் அதிர்வைக் கோணச் செய்யும். சுருதி சேர்த்தும் சேராததுபோன்ற மயக்கம் அதனால் விளையும்.

துளையினுள்ளும் எவ்விடத்திற் பொருத்துவது என்பது ஆராயத்தக்கது. நரம்பு முழு நீளமாக அதிர்வதோடன்றி, அரையாகவும் மூன்றிலொன்றாகவும் காற்பங்காகவும் ஒரே வேளையிற் பகுந்தும் அதிரும். இப்பகுதியதிர்வுகளின் கலவையே நாதத்தின் நிறம். குதிரைக்கட்டையிலிருந்து நரம்பின் காற்பங்கு தூரத்திற் பிக்கப் அமையுமாயின், திறந்த நரம்பின் நான்காம் இசைவு அவ்விடத்தில் அசைவற்றிருத்தலால் அது பிக்கப்புக்குப் புலப்படாது. ஒலித்துளையின் நடுப்பகுதி பல கிற்றார்களில் இவ்விடத்தை அண்மியே உள்ளது. கழுத்துப் பக்கமாக நகர்த்தினால் ஓசை திரண்டு இனிமையாகும். குதிரைப் பக்கமாக நகர்த்தினால் மெலிந்து கூர்மையாகும். பாட்டுக்குத் துணைவாசிப்போர்க்குக் கழுத்துப் பக்கமே சிறந்தது.

மேடையேறியபின் முதலிற் கேட்பது பெரும்பாலும் கிற்றாரன்று. ‘ம்ம்’ என்னும் முரலொலியேயாம். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சியுடையது. மின்மாற்றிகளும் குழல்விளக்குகளும் தம்மைச் சூழ அம்மீடிறனிற் காந்தப்புலத்தைப் பரப்புகின்றன. பல்லாயிரம் சுற்றுடைய சுருள் அதனையும் உணராதிருக்குமோ? இதற்கு மாற்றுக் கண்டவருள் ஒருவர் கிப்சன் நிறுவனத்துச் சேத் லவர். 1955ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை கோரிய அமைப்பில் இரண்டு சுருள்கள் உண்டு, ஒன்றின் காந்தமுனை மற்றதற்கு எதிரானது, சுற்றும் எதிரானது. புறத்தேயிருந்து வரும் முரல் இரு சுருளிலும் எதிரெதிராய்த் தோன்றி ஒன்றையொன்று அழிக்கும். நரம்பினால் எழும் மின்னோ இருமுறை எதிராகியமையால் ஒரே திசையிற் சேர்ந்து வலுக்கும். இருமுறை மறுத்தல் உடன்பாடாம் என்னும் இலக்கணத்தைச் செப்புக் கம்பியிற் கண்டவாறு! ஜெனரேற்றரும் குழல்விளக்கும் மலிந்த திருவிழா மேடைக்கு இரட்டைச் சுருள் வகையையே தெரிவு செய்தல் வேண்டும். ஒற்றைச் சுருள் வகையே கையிலிருப்பின், ஜெனரேற்றருக்கும் அம்பிளிபயரின் மின்மாற்றிக்கும் தொலைவாயிருந்து, உடலை மெல்லத் திருப்பி முரல் குறையும் திசையை நோக்கி அமர்க.

அடுத்து வருவது, ‘பிக்கப் வாங்கினேன், ஓசை மண்ணாயிருக்கின்றது’ என்னும் முறைப்பாடு. இதற்குக் காரணம் பெரும்பாலும் தடங்கலைப் பொருத்தாமையே. சுருளின் தடங்கல் எல்லா மீடிறனுக்கும் ஒன்றன்று. சுருளின் தூண்டுதிறன் 3 ஹென்றி எனக் கொள்வோம். செக்கனுக்கு 80 அதிர்வுள்ள தாழ்ந்த சுரத்துக்கு அத்தூண்டுதிறன் தரும் தடங்கல் ஏறத்தாழ 1,500 ஓம். 3,000 அதிர்வுள்ள உயர் இசைவுக்கோ ஏறத்தாழ 56,000 ஓம். கம்பியின் இயல்பான தடை சில ஆயிரம் ஓம் இதனோடு சேரும். இப்பிக்கப்பைக் கோயில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலே, 10,000 ஓம் தடங்கலுள்ள வாயிலிற் செருகினால், உயர் இசைவுகளின் மின்னழுத்தத்தில் ஆறிலொரு பங்கே வாயிலிற் கிட்டும். எஞ்சியது சுருளிலேயே வீணாகும். தாழ் சுரங்கள் அத்துணை இழப்பதில்லை. ஆதலின் ஓசை கம்பளியாற் போர்த்தாற்போல மந்தமாகும். ஒலிவாங்கிக்குரிய வாயிலின் தடங்கல் இதனினும் குறைந்ததாகையால் அதிற் செருகுதல் இன்னும் கேடு. கிற்றாருக்கென அமைந்த அம்பிளிபயரின் வாயில் பத்து இலட்சம் ஓம் அளவினது. அதிற் செருகியவுடன் அதே பிக்கப் புத்துயிர் பெற்றாற்போல ஒலிக்கும். மிக்சரையே பயன்படுத்த வேண்டுமாயின், டி. ஐ. பெட்டி எனப்படும் இடைக்கருவியொன்றை இடையே வைத்தல் வேண்டும். மின்கலம் பொருந்திய பிக்கப்புக்களில் இவ்விடைக்கருவி உள்ளேயே அடங்கியுள்ளது. ஆயின் விழாவிரவில் மின்கலம் ஓய்ந்துவிட்டாற் பிக்கப்பும் ஓய்ந்துவிடும் என்பதை மறவற்க.

வயரும் ஓசையைத் தின்னும். கவசமிட்ட வயரின் கொள்ளளவம் மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவினது. சுருளின் தூண்டுதிறனும் வயரின் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு பரிவை உண்டாக்கும்; அப்பரிவுக்கு மேற்பட்ட இசைவுகள் யாவும் விரைந்து தேயும். வயர் நீள நீளப் பரிவு தாழும். ஐந்தாறு மீற்றரிற் குறையொன்றும் தோன்றாது. மேடையிலிருந்து பந்தலின் மறுகோடி வரை ஒரே வயரை இழுத்தால், மீட்டும்போது எழும் பளிங்கு போன்ற ஒளி மங்கும்.

இனி ஊளையைப் பற்றிக் கூறுவாம். ஒலிபெருக்கியின் ஓசை திரும்பவும் கருவியை அடைந்து, அங்கு மீண்டும் மின்னாகி, மீண்டும் பெருகிச் சுழலுமாயின் ஊளை பிறக்கும். ஒலிவாங்கியினும் காந்தப் பிக்கப் இதற்கு எளிதில் இரையாகாது. ஆயினும் முற்றும் தப்பியதன்று. ஒரு குடத்தின் வாயில் ஊதினால் அது தனக்குரிய ஒரு சுரத்தில் ஒலிக்கின்றதன்றோ? கிற்றாரின் வயிறும் அத்தகைய குடமே. அதனுள் அடைபட்ட காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 100 அதிர்வில் ஒலிக்கும் இயல்பினது. ஒலிபெருக்கியிலிருந்து அம்மீடிறன் வந்து தாக்கும்போது வயிறு விம்மும், பலகை ஆடும், நரம்பு தானாகவே அதிரும், பிக்கப் அதனை உணரும். ஐந்தாம் நரம்பை மீட்டும்போது ஊளை எழுவதற்கு, அந்நரம்பின் 110 அதிர்வு இப்பரிவை அண்மியிருத்தலே காரணம். ஒலித்துளையை இறப்பர் மூடியால் அடைத்தால் இது பெரிதும் அடங்கும். பிக்கப் துளையின் ஒரு பகுதியை மறைத்திருத்தலும் பரிவைச் சிறிது தாழ்த்துகின்றது. வாய் குறுகினாற் குடத்தின் சுரம் தாழ்வது போலாம். இவற்றினும் எளிய வழி, ஒலிபெருக்கியை வாசிப்போனுக்கு முன்னே, சபையை நோக்கி நிறுத்துதல். நம் மேடைகளிலே ஒலிபெருக்கியை வாசிப்போன் முதுகுக்குப் பின்னே அடுக்கிவிட்டுப் பின்னர்க் கருவியைக் குறைகூறுதல் வழக்கமாகிவிட்டது.

உயிருக்கு இடரான செய்தியொன்று உண்டு. அதனை நகைச்சுவையாகக் கொள்ளாது கேட்டல் வேண்டும். பிக்கப்பின் வயரைத் தொடுவோன் அம்பிளிபயரின் உலோக உடலைத் தொட்டவனாவான். ஏனெனில் வயரின் கவசமும் ஜாக்கின் உலோகமும் அதனோடு இணைந்தவை. அவன் அதே வேளையில் வேறோர் அம்பிளிபயரோடு இணைந்த ஒலிவாங்கியில் உதட்டை வைத்துப் பாடுகின்றான். இவ்விரண்டிலொன்று சரியாகப் புவித்தொடுப்புச் செய்யப்படாது, அதன் உடலிலே 230 வோல்ற்று கசிந்திருக்குமாயின், மின் அவன் கைக்கும் வாய்க்கும் இடையே நெஞ்சினூடு பாயும். 1972ஆம் ஆண்டு மே மாதத்திலே வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகரில் லெஸ்லி ஹாவி என்னும் இளங்கிற்றார்க் கலைஞர் மேடையில் ஒலிவாங்கியைத் தொட்டவுடன் இவ்வாறு உயிரிழந்தார். நம் ஊர் மேடைகளில் மூன்று முள் பிளக்கின் புவி முள்ளை முறித்துவிட்டு இரண்டு முள் துளையிற் செருகுவாரையும், வெறும் வயர் நுனியைத் தீக்குச்சியால் அடைத்து இணைப்பாரையும் காணாதவர் யார்? மழை பெய்து ஈரமான மண்ணிலே வெறுங்காலுடன் நின்று வாசிக்கும் பிள்ளைக்கு இது யமன். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்வாயிலிலிருந்து, புவித்தொடுப்புள்ள பிளக்குகளால் இணைக்க. பாடத் தொடங்குமுன் ஒலிவாங்கியின் உலோகத்தைச் சோதனைத் திருப்புளியாற் தொட்டுப் பார்க்க. விரலிலோ உதட்டிலோ சிறு கூச்சம் தோன்றினாலும் பாட்டை நிறுத்துக; பாட்டை மீண்டும் தொடங்கலாம். இப்பொறுப்பை மாணவனிடத்து விடாது, விழா நடத்தும் பெரியோர் தம்மேல் ஏற்றல் வேண்டும்.

ஒலிபெருக்கி இணைந்தபின் மீட்டும் முறையும் மாறவேண்டும். ஓசை போதாமையால் வன்மையாய் மீட்டிப் பழகிய கை, பிக்கப் பூட்டியபின்னும் அவ்வாறே மீட்டும். அது தேவையில்லை. விரல் மெல்லெனப் படினும் காந்தம் அதனை உணரும். வன்மைக்கு அம்பிளிபயர் பொறுப்பு. இடக்கை நரம்பில் வழுக்கும் கீச்சொலியும், பிழையாய் அழுத்திய சுரமும் சபை முழுதும் கேட்கும். இது வாசிப்போனுக்கு முதலிற் கசக்கும். ஆறு மாதத்தில் அவன் வாசிப்புத் திருந்தும்.

கடலோர ஊர்களுக்கே உரிய இரண்டு இடர்கள் எஞ்சியுள்ளன. ஒன்று உப்புக்காற்று. உருக்கு நரம்பு துருப்பிடித்தால் அதன் தடிப்பு ஒரு சீராயிராது, சுருதி நில்லாது. பிக்கப்பின் ஜாக்கும் பச்சை படர்ந்து கறகறக்கும். வாசித்து முடிந்தவுடன் நரம்புகளையும் ஜாக்கையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தலே இதற்கு மருந்து. எண்ணெய் பூசுதல் கூடாது, அது மணலைப் பிடிக்கும். மற்றையது அம்மணலே. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலை அறியாதார் இப்பகுதியில் இல்லை. இல்மனைற்று என்னும் இரும்புத் தைத்தேனியக் கனியம் அதிலே மிகுதி. அம்மணலை அகழ்தற்கென 1957ஆம் ஆண்டில் அரசு கூட்டுத்தாபனமொன்று நிறுவப்பட்டது. இல்மனைற்றை ஏனைய கனியங்களினின்று பிரித்தெடுத்தற்கு அங்கு வலிய காந்தங்களே பயன்படுகின்றன. இல்மனைற்று சிறிதளவே காந்தத்தால் ஈர்க்கப்படும். அதனோடு கலந்துள்ள மகனற்றைற்றுத் துகள்களோ சிறு காந்தத்துக்கும் ஓடிவந்து ஒட்டும். பிள்ளைகள் காந்தத்தை நூலிற் கட்டி மணலில் இழுத்துத் தாடி முளைக்கச் செய்து விளையாடுவது இதனாலேயே. அவ்விளையாட்டிலே தாடியின் மயிர்கள் நிற்கும் திசையே காந்தப்புலக் கோடுகளின் திசை. பிக்கப்பின் முனைகளிலிருந்து நரம்புகளை நோக்கி எழும் புலமும் அவ்வாறே நிமிர்ந்து வளைகின்றது என்பதை ஆசிரியர்மார் இதனைக் கொண்டே மாணவர்க்கு எளிதிற் காட்டலாம்.

ஆயின் அவ்வாறு காட்டுதற்குப் பிக்கப்பை எடுத்தல் கூடாது. கடற்கரையில் வாசித்துவிட்டு வெறும் மணலில் வைத்த பிக்கப்பின் முனைகளிற் கருமணல் மொய்த்துவிட்டால், துணியாற் துடைப்பதால் அது அகலாது; முனைக்கும் சுருளுக்கும் இடையேயுள்ள நுண்ணிய வெளியிற் புகுந்து, மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியின் மெருகை உராய்ந்து, ஈற்றிற் கம்பியையே அறுக்கும். அறுந்த சுருளைத் திரும்பச் சுற்றுவார் நம் பகுதியில் அரியர். எனவே கழற்றிய பிக்கப்பை மூடியுள்ள சிறு டப்பாவிலோ தடித்த துணிப்பையிலோ இட்டு வைக்க. மணல் ஒட்டிவிட்டதாயின், ஒட்டுநாடாத் துண்டொன்றின் பசைப் பக்கத்தை முனைமேல் அழுத்தி நேர்மேலாக உயர்த்துக. பக்கமாய் இழுத்தல் கூடாது. புதிய துண்டுகளைக் கொண்டு நான்கைந்து முறை இவ்வாறு செய்தால், துகள்கள் நாடாவோடு வந்துவிடும்.